எம்6 போல்ட்டில் மிச்சம் பிடிக்கப் போன ஆலை: மின் ஸ்கூட்டர் தயாரிப்பில் ஃபாஸ்டனர் செலவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஓசூர் பக்கம் உள்ள நடுத்தர அளவிலான ஒரு மின் ஸ்கூட்டர் ஆலையில் நடந்தது இது. ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ரூபாய்க் கணக்கையும் அதே காரணத்தால் விட்டிருக்கிறேன். உற்பத்திப் பொறியியல் பிரிவில் இருந்ததால் ஆரம்பம் முதல் முடிவு வரை பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பின்னணி

மின் வாகனங்களுக்கு மத்திய அரசு தந்த ஃபேம்-2 மானியம் 2023 ஜூன் 1 முதல் குறைந்தது. அதுவரை இருசக்கர மின் வாகனத்துக்கு, பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் கிடைத்தது. ஆலை விலையில் 40 சதவீதம் உச்சவரம்பு. அது 10,000 ரூபாய், 15 சதவீதம் என்று இறங்கியது. ஆலை விலை ஒரு லட்சம், பேட்டரி 3 கிலோவாட் மணி என்று வைத்துக்கொண்டால், முன்பு 40,000 ரூபாய் வந்த இடத்தில் இனி 15,000தான். வண்டி ஒன்றுக்கு 25,000 ரூபாய் பள்ளம். விலையை ஏற்றினால் விற்பனை படுத்துவிடும், ஏற்றாவிட்டால் கையைக் கடிக்கும். எல்லாத் துறைகளுக்கும் ஒரே உத்தரவு வந்தது: செலவைக் குறையுங்கள்.

பர்ச்சேஸ் துறைக்கு அப்போது கை வைக்க முடிந்த இடங்கள் குறைவு. செல்லின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் ஒப்பந்தம் போட்டாயிற்று. சேஸிஸ் குழாய் ஸ்டீல் விலையோடு ஏறி இறங்கும். கடைசியில் மிஞ்சியது ஃபாஸ்டனர் எனும் சில்லறைச் சாமான்கள்: போல்ட், ஸ்க்ரூ, நட், வாஷர், கிளிப். வண்டியின் மொத்தப் பொருள் செலவில் இவை நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் எண்ணிக்கையில் நூற்றுக்கணக்கில் இருப்பதால், ஒன்றுக்குச் சில பைசா குறைத்தாலும் ஆண்டுக் கணக்கில் ஒரு தொகை தெரியும்.

அப்படித்தான் அதிகம் ஓடும் எம்6×20 ஃப்ளாஞ்ச் போல்ட்டுக்கு சப்ளையர் மாறினார். டிராயிங்கில் இருந்தது இவ்வளவுதான்: எம்6×20 (6 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம்), 8.8 தரம் (எஃகின் வலிமை வகுப்பு), துத்தநாக முலாம் 8 மைக்ரான். புது சப்ளையர் மூன்றையும் சரியாகவே கொடுத்தார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த கூட்டங்களில் எல்லாம் பழி அவர் மேலேயே விழுந்தது. நாங்கள் கேட்டதை அவர் கொடுத்தார். என்ன கேட்க வேண்டும் என்பதே எங்கள் டிராயிங்குக்குத் தெரியவில்லை.

லைனில் தெரிந்தது

முதல் அடையாளம் சேஸிஸ் லைனில் வந்தது. பேட்டரி தட்டைச் சட்டத்தோடு பூட்டும் இடத்தில் மின் நட்ரன்னர் (போல்ட் முடுக்கும் கருவி) அடிக்கடி சிவப்பு விளக்கு காட்டியது. அந்தக் கருவி டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, மட்டும் பார்ப்பதில்லை. போல்ட் உட்கார்ந்த பிறகு எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதையும் பார்க்கும். டார்க் 10 நியூட்டன் மீட்டரைத் தொட்டுவிட்டது, கோணம் மட்டும் போதவில்லை. அதாவது போல்ட் இறுகியதுபோல் காட்டுகிறது, ஆனால் இழுவை வரவில்லை.

காரணம் உராய்வு. நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கு அடியில் தேய்வதிலேயே போய்விடும். இன்னொரு நாற்பது சதவீதம் மரையில் தேயும். இரண்டு பாகத்தையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் இழுவைக்கு மிஞ்சுவது பத்துப் பங்கில் ஒரு பங்கு. உராய்வு கொஞ்சம் கூடினாலும் அடி விழுவது அந்த ஒரு பங்கில்தான். பழைய சப்ளையர் முலாமுக்கு மேலே மசகு கலந்த ஒரு மேல்பூச்சு கொடுத்து வந்திருக்கிறார். அது டிராயிங்கில் இல்லை, பில்லிலும் இல்லை. அவர் வழக்கமாகச் செய்துவந்தது எங்களுக்குத் தெரியாமலேயே எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்கு வந்தால் ஆபரேட்டர் போல்ட்டைக் கழற்றி மறுபடி அடிப்பார். இரண்டாம் முறை அடிக்கும்போது பூச்சு ஏற்கெனவே சுரண்டப்பட்டிருக்கும். உராய்வு இன்னும் மாறும். சில நேரம் பச்சை வரும், சில நேரம் வராது. வராவிட்டால் புது போல்ட். அதற்குள் வண்டி ஸ்டேஷனைத் தாண்டிவிடும், லைன் நிற்கும். ஒரு இரவு ஷிஃப்டில் லைன் இன்சார்ஜ் பொறுமை இழந்து, பராமரிப்புப் பிரிவில் சொல்லி கோண வரம்பை அகலமாக்கிவிட்டார். விளக்கு பச்சையானது. மறுநாள் காலை தரப் பிரிவு கண்டுபிடித்து வரம்பைப் பழையபடி மாற்றி, அந்த ஷிஃப்டின் வண்டிகளை எல்லாம் தனியே நிறுத்தி மறுபடி சோதித்தது. அந்த ஒரு நாள் செலவு, புது சப்ளையரால் மாதம் முழுதும் கிடைக்கவிருந்த மிச்சத்தைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் இதை விலைப் பிரச்சினையாகப் பார்ப்பதை மேலிடம் நிறுத்தியது.

இரண்டாவது சிக்கல் பேட்டரி லைனில். பேட்டரி பேக்கின் மேல்மூடியை அலுமினிய வார்ப்புப் பெட்டியோடு சுற்றிலும் எம்5 ஸ்க்ரூக்கள் பூட்டுகின்றன. நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கெட். பேக் ஐபி67 தாங்க வேண்டும், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே ஈரம் போகக் கூடாது. லைனில் இதைக் காற்றழுத்தக் கசிவுச் சோதனையாகச் செய்வார்கள். அதில் தோற்கும் பேக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடின. கேஸ்கெட் சப்ளையரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள், அழுத்தும் ஃபிக்ஸ்சரை மாற்றினார்கள், பலனில்லை.

விஷயத்தைப் பிடித்தவர் அந்த ஸ்டேஷனில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண். கேட்டதற்கு அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. டப்பாவில் இருந்து ஒரு கைப்பிடி ஸ்க்ரூ அள்ளி, மேசையில் ஒவ்வொன்றாகத் தலைகீழாக நிற்க வைத்தார். பத்துப் பதினைந்து ஸ்க்ரூ வரிசையாக நின்றதில் இரண்டு மட்டும் உயரமாகத் தெரிந்தன. "கையில எடுத்தா தெரியாது சார். நிக்க வெச்சாத்தான் தெரியும். நாங்க சொன்னா, ஸ்டோர்ஸ்ல எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாங்க" என்றார்.

மூடியில் பெரும்பாலான இடங்களுக்கு எம்5×16. நான்கு மூலைகளில் மட்டும், வயரைப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் கிளாம்ப் சேர்ந்து வருவதால், எம்5×20. ஒரே தலை, ஒரே நிறம், ஒரே பிட் (கருவியின் முனை), ஒரே டார்க். பக்கத்துப் பக்கத்து டப்பாக்கள். 20 மி.மீ. ஸ்க்ரூ 16க்கான துளையில் போனால், மூடியும் வாஷரும் 3 மி.மீ. போக 17 மி.மீ. உள்ளே இறங்க வேண்டும். துளையில் மரை இருந்தது 15 மி.மீ. ஸ்க்ரூ அடியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கருவிக்கு டார்க் வந்துவிட்டது, அதனால் பச்சை விளக்கு. கேஸ்கெட்டோ அந்த இடத்தில் சரியாக அமுங்கவே இல்லை. தவறு நடந்ததைக் கருவியே நல்லது என்று பதிவு செய்துகொண்டிருந்தது.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சம். பேட்டரி லைனில் மாதத்தில் சில முறை, ஷிஃப்ட் முடிவில் ஒரு ஸ்க்ரூ கணக்கில் இடிக்கும். வழக்கமான லைனில் கீழே விழுந்த ஸ்க்ரூவை யாரும் தேட மாட்டார்கள், தரையில் கிடக்கும். பேட்டரி லைனில் அது பேக்குக்குள் விழுந்திருக்கலாம். மின்னழுத்தம் உள்ள இரண்டு பஸ்பாருக்கு (மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டைக்கு) நடுவே ஒரு ஸ்டீல் ஸ்க்ரூ கிடந்தால் அது குறுக்குச் சுற்று, வண்டி குலுங்கும்போது என்றைக்கு வேண்டுமானாலும் நடக்கலாம். அதனால் சந்தேகம் வந்த பேக்குகளைத் திறந்து பார்ப்பார்கள். திறந்தால் கேஸ்கெட் வீண், பூட்டுப்பசை பூசிய ஸ்க்ரூக்கள் வீண், கசிவுச் சோதனை மறுபடி.

பட்டியல் எடுத்தபோது

மேலிடம் ஒரு சிறு குழு போட்டது: டிசைன், பர்ச்சேஸ், உற்பத்தி, தரம், ஸ்டோர்ஸ், சர்வீஸ். முதல் வேலையாக வண்டியில் உள்ள ஒவ்வொரு ஃபாஸ்டனரையும் எழுதினோம். எங்கே போகிறது, எந்த நீளம், எந்தப் பூச்சு, எவ்வளவு டார்க், எந்தக் கருவி, எந்த பிட். கம்ப்யூட்டர் பட்டியலை நம்பாமல் ஒரு வண்டியைக் கழற்றி மேசையில் பரப்பினோம். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் நிறையவே இருந்தன.

நூறைத் தாண்டிய பார்ட் எண்கள் கிடைத்தன. ஒரே எம்6×20 போல்ட் மூன்று எண்களில் இருந்தது. மோட்டார் குழு ஒன்று, பாடி குழு ஒன்று, பேட்டரி குழு ஒன்று என்று தனித்தனியே எண் போட்டிருந்தார்கள். ஸ்டோர்ஸில் மூன்று ரேக், மூன்று இருப்பு, மூன்று ஆர்டர். ஒரு எண்ணில் இருப்பு தீர்ந்து லைன் தடுமாறும்போது, பக்கத்து ரேக்கில் அதே போல்ட் வேறு எண்ணில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. தலைகளும் அப்படித்தான்: ஹெக்ஸ், ஆலன், டார்க்ஸ், ஃபிலிப்ஸ், நான்கும் ஒரே வண்டியில். ஒரு ஆபரேட்டர் ஒரே ஸ்டேஷனில் மூன்று பிட் மாற்ற வேண்டி இருந்தது.

ஃபாஸ்டனர் தொழிலில் ஒரு பழைய கணக்கு சொல்வார்கள்: போல்ட்டின் விலை மொத்தச் செலவில் 15 சதவீதம், மற்ற 85 அதை வாங்கி, வைத்து, எடுத்து, பூட்டி, சோதிப்பதில். இதை அளந்து சொன்ன உண்மையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆலைக்கு ஆலை மாறும். ஆனால் அந்தப் பட்டியலைப் பரப்பிய மேசையைப் பார்த்த பிறகு, எங்கள் ஆலையில் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதலில் எம்6 போல்ட். பழைய சப்ளையரிடமே திரும்பிவிடலாம் என்பது உற்பத்தியின் வாதம். அப்படிச் செய்தால் நாளை அவரே பூச்சை மாற்றினாலும் இதே கதைதான். ஆகவே டிராயிங்கை மாற்றினோம். உராய்வு எண் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. பல வாகன நிறுவனங்கள் 0.09 முதல் 0.14 வரை கேட்கின்றன. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். ஐஎஸ்ஓ 16047 முறைப்படி டார்க்குக்கும் இழுவைக்கும் உள்ள உறவைச் சோதித்த அறிக்கை ஒவ்வொரு லாட்டோடும் வர வேண்டும் என்றோம். இரு சப்ளையர்களும் புது விலை சொல்லி அனுப்பினார்கள். இருவர் விலையும் கூடியது. பர்ச்சேஸ் தலைவர் முகம் கறுத்ததில் நியாயம் இருந்தது: அவருடைய மதிப்பீட்டுத் தாளில் போல்ட் விலை ஏறியது மட்டுமே தெரியும், நின்ற லைன் தெரியாது.

அதனால் நிதிப் பிரிவு வேறு அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது: இறுக்கி முடித்த இணைப்பு ஒன்றுக்கு ஆகும் செலவு. போல்ட் விலை, கருவி, ஆள் நேரம், மறுவேலை, இருப்பில் தூங்கும் பணம் எல்லாம் அதில் அடங்கும். துல்லியம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பர்ச்சேஸும் உற்பத்தியும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். எடுத்த முடிவுகளில் இதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன், மற்றவை எல்லாம் பொறியியல்.

மூடி ஸ்க்ரூவில் ஒரே நீளத்துக்கு வர வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். எந்த நீளம் என்பதில் இழுபறி. எல்லாம் 20 என்றால் துளையை ஆழப்படுத்த வேண்டும். அந்த இடத்தில் வார்ப்பில் அவ்வளவு உலோகம் இல்லை, கீழே செல் ஹோல்டர். எல்லாம் 16 என்றால், 5 மி.மீ. கிளாம்ப் உள்ள மூலைகளில் மரைக்குள் இறங்குவது 8 மி.மீ. மட்டும். அலுமினியத்தில் ஸ்க்ரூ விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இறங்க வேண்டும் என்பது டிசைன் குழுவின் விதி, எம்5க்கு 10 மி.மீ. ஆகவே கிளாம்ப்பையே மாற்றினார்கள். 5 மி.மீ. பிளாஸ்டிக்குக்குப் பதில் 2 மி.மீ. தகடு. இப்போது 11 மி.மீ. இறங்குகிறது. தகடு கிளாம்ப் பிளாஸ்டிக்கைவிட விலை கூடுதல். ஆனால் அழுத்தத்தில் பிளாஸ்டிக் நாளடைவில் நசுங்கி இழுவை குறையும் தொல்லையும் அதோடு போயிற்று.

தகடு வந்து சேரச் சில மாதம் ஆகும் என்பதால் இடைக்கால ஏற்பாடு ஒன்று. 20 மி.மீ. ஸ்க்ரூவை மட்டும் வேறு தலையோடு, கறுப்புப் பூச்சில் வாங்கினோம். நிறத்தைப் பார்க்க மறந்தாலும் பிட் பொருந்தாது.

பேட்டரி லைனுக்கு எண்ணிய தட்டுகள் வந்தன. ஒரு பேக்குக்கு எத்தனை ஸ்க்ரூவோ அத்தனை குழி உள்ள தட்டு, ஸ்டோர்ஸில் நிரப்பி எடைத் தராசில் சரிபார்த்து அனுப்புவார்கள். மூடிக்கு முந்தைய வேலைகளுக்கான தட்டில் ஒன்று மிஞ்சினாலோ குறைந்தாலோ மூடி போடக் கூடாது. ஆட்களுக்கு இது கூடுதல் வேலை. ஆனால் தேடல் ஒரு பேக்கோடு முடிகிறது, ஷிஃப்ட் முழுவதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கை வைக்காமல் விட்டவையும் உண்டு. பஸ்பார் போல்ட்டுகளையும் பொது எம்6 பட்டியலில் சேர்க்க ஒரு யோசனை வந்தது, மறுத்தோம். அங்கே இணைப்பின் மின்தடை முக்கியம். 100 ஆம்பியர் ஓடும்போது இணைப்பில் ஒரு மில்லியோம் தடை இருந்தால் 10 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில். பத்தில் ஒரு பங்கு தடை என்றால் ஒரு வாட்டோடு போகும். போல்ட், வாஷர், பூச்சு, டார்க் எல்லாம் சேர்த்துச் சோதித்து வைத்த இணைப்பை எண்ணிக்கைக் குறைப்புக்காகக் கலைப்பதற்கில்லை. எல்லாவற்றையும் 8.8ஐவிட வலுவான 12.9 தரத்துக்கு ஏற்றி, குறைந்த போல்ட்டில் முடிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசினால் ஹைட்ரஜன் புகுந்து, பூட்டிச் சில மணி நேரமோ நாளோ கழித்துத் தானாக உடையும் ஆபத்து உண்டு. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

பிறகு நடந்தது

ஆறேழு மாதத்தில் பார்ட் எண்கள் ஏறக்குறையப் பாதியாகின. பிட் வகை நான்கில் இருந்து இரண்டுக்கு வந்தது. சேஸிஸ் லைனில் கோணக் குறைவுக்காக நிற்பது அரிதானது. கசிவுச் சோதனையில் முதல் முறையே தேறும் பேக்குகள் கூடின. தோற்றவற்றில் நீளம் மாறிய ஸ்க்ரூ என்ற காரணம் பட்டியலிலேயே இல்லை. ஸ்டோர்ஸில் மூன்று ரேக் காலியாகி வேறு வேலைக்குப் போயின. போல்ட்டுக்கான கொள்முதல் செலவு கொஞ்சம் ஏறியே இருந்தது, ஆனால் இறுக்கிய இணைப்பின் செலவு இறங்கியது. அந்த இறக்கம் வண்டி ஒன்றுக்கு மானியம் விட்ட பள்ளத்தை அடைத்ததா என்றால், இல்லை, அதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் புது முதலீடு அதிகம் இல்லாமல் கிடைத்த பகுதி.

பழைய எண்களில் தங்கிய இருப்பு ஒரு தலைவலி. ஒரு பகுதியை சர்வீஸுக்கு ஒதுக்கினோம், மீதி பழைய இரும்புக்குப் போனது. அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தபோது முதல் காலாண்டு எண் அழகாக இல்லை.

இரண்டு இடங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டோம். எம்6 போல்ட் இப்போது வண்டி முழுதும் ஒன்றே என்பதால், அதைப் பூசும் முலாம் ஆலையில் ஒரு பழுது ஏற்பட்டபோது முழு லைனும் நின்றது. முன்பு மூன்று எண், மூன்று இருப்பு என்று இருந்த வீண் ஏற்பாடு தெரியாமல் ஒரு காப்பாகவும் இருந்திருக்கிறது. அப்புறம் வேறு முலாம் ஆலையை நம்பியிருக்கும் இரண்டாவது சப்ளையருக்கும் ஒப்புதல் கொடுத்து, பாதுகாப்பு இருப்பையும் கூட்டினார்கள்.

மற்றொன்று சர்வீஸ். மூடி ஸ்க்ரூக்களில் மரையில் முன்கூட்டியே பூட்டுப்பசை பூசி வரும்; ஒருமுறை கழற்றினால் அந்தப் பிடி போய்விடும். சர்வீஸ் சென்டர்களில் பழைய ஸ்க்ரூவையே மறுபடி போட்டார்கள், ஏனென்றால் கேஸ்கெட் கிட்டில் புது ஸ்க்ரூ வைக்கவில்லை. பட்டியல் எடுத்த குழுவில் சர்வீஸ் ஆள் இருந்தார், ஆனால் அவரைக் கேட்டது எல்லாம் ஆலைக்குள் நடப்பதைப் பற்றித்தான். பிறகு கிட்டில் ஸ்க்ரூ சேர்ந்தது, கிட் விலையும் ஏறியது.

மீண்டும் செய்வதானால்

வார்ப்பு அச்சு வெட்டும் முன்பே ஃபாஸ்டனர் பட்டியலை உறைய வைப்போம். மூடியில் இரண்டு நீளம் வந்ததன் வேர், கிளாம்ப்பை யாரோ கடைசி நேரத்தில் சேர்த்ததில் இருக்கிறது. டிசைனர் புது போல்ட் கேட்டால், பட்டியலில் உள்ள எதுவும் ஏன் உதவாது என்று எழுதித் தர வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது; இது முதல் நாளில் இருந்திருக்க வேண்டும். ஒரு போல்ட்டைப் பொதுவாக்கும் முன் இரண்டாவது சப்ளையர் தயாராக இருக்க வேண்டும், பிறகு தேடக் கூடாது. எண்ணிய தட்டை மற்ற எதற்கும் முன்பே கொண்டுவந்திருப்போம், அதற்கு டிராயிங் மாற்றமே தேவையில்லை. அப்புறம், ஸ்டேஷனில் நிற்பவர்கள் சொல்வது ஸ்டோர்ஸோடு நின்றுவிடாமல் தரப் பிரிவுக்கும் போக ஒரு வழி. இப்போது ஷிஃப்ட் மாறும்போது ஒரு நோட்டில் எழுதுகிறார்கள், வாரம் ஒருமுறை டிசைனில் இருந்து ஒருவர் வந்து படிக்க வேண்டும்.

தீராமல் இருப்பது மோட்டார் பொருத்தும் இடம். மோட்டார் வெளியில் இருந்து வருவதால் அதன் மரையும் நீளமும் அவர்கள் தீர்மானிப்பது. அந்த ஒரு ஸ்டேஷனுக்காகத் தனி போல்ட்டும் தனி பிட்டும் இன்னும் வாங்குகிறோம். மோட்டார் ஒப்பந்தம் அடுத்து புதுப்பிக்கும்போது மரை அளவையும் பேச்சில் சேர்க்கச் சொல்லி பர்ச்சேஸுக்குக் கடிதம் போயிருக்கிறது.